அவுட்தான், ஆனால் எப்படி அவுட்? நீங்கள் பார்த்ததில் அபூர்வமான அவுட் எது?

சுழல்பிரியன்:
2001 மார்ச், சேப்பாக்கம் டெஸ்ட், இரண்டாம் நாள் காலை. ஆஸ்திரேலியா 3 விக்கெட்டுக்கு 340. ஹர்பஜன் பந்தை ஆஸ்திரேலிய கேப்டன் ஸ்டீவ் வா ஸ்வீப் ஆடப்போய், பந்து பேடில் பட்டது. எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் கால் மறித்தால் தரும் அவுட்) கேட்டு மைதானமே கத்தியது, நானும்தான். பந்து ஸ்டம்பு பக்கம் சுழன்று வர, வா அதைக் கையால் தள்ளிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அம்பயர் விரல் மேலே போனது. பக்கத்துப் பெரியவர், "எல்பிதான், லேட்டா குடுத்துட்டான்" என்றார். நானும் நம்பிவிட்டேன்! மறுநாள் பேப்பரில்தான் 'ஹேண்டில்ட் தி பால்', அதாவது பந்தைக் கையால் தொட்டதற்கான அவுட் என்று படித்தேன். அவர் 47இல் போனதும் 391க்குள் மொத்த டீமும் சுருண்டது. ஹர்பஜனுக்கு 7 விக்கெட். அதில் ஸ்டீவ் வா கிடையாது. இந்த மாதிரி அவுட் பவுலர் கணக்கில் சேராது. 2017இல் அந்தப் பெயரையே எடுத்துவிட்டு, 'அப்ஸ்ட்ரக்டிங் தி ஃபீல்டு' (ஃபீல்டிங்கைத் தடுத்தல்) விதிக்குள் சேர்த்துவிட்டார்கள்.

ஸ்கோர்நோட்டு:
எனக்கு டைம்ட் அவுட், அதாவது அடுத்த பேட்ஸ்மேன் நேரத்துக்குள் ஆடத் தயாராகாவிட்டால் தரும் அவுட். 2023 நவம்பர் 6, டெல்லி உலகக் கோப்பை ஆட்டத்தில் ஹெல்மெட் வார் அறுந்து இலங்கையின் மேத்யூஸ் நின்றாரே, பங்களாதேஷ் கேப்டன் ஷகிப் அப்பீல் கேட்டாரே, அதற்கு அடுத்த ஞாயிறு எங்கள் ஆட்டம். எங்கள் டீமுக்கு இருந்ததே இரண்டு ஜோடி பேடு. அவுட்டானவன் கழற்றிக் கொடுத்தால்தான் அடுத்தவன் கட்ட முடியும். அன்றைக்கு அவுட்டானவன் கோபத்தில் பேடோடு நேரே தண்ணீர்க் குடத்துக்குப் போய்விட்டான். எதிரணி கேப்டன் வாட்சைத் தட்டிக் காட்டினார். உலகக் கோப்பையில் 2 நிமிடம், விதிப் புத்தகத்தில் 3. எங்கள் ஆள் ஒரு காலில் மட்டும் பேடு கட்டி ஓடி வந்தபோது நாலு தாண்டிவிட்டது. ஒரு பந்துகூடச் சந்திக்காமல் 0. ஸ்கோர் நோட்டில் எழுதியது நான் என்பதால் அவன் இன்னமும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேடைக் கொடுக்காதவனோடு நன்றாகத்தான் பேசுகிறான்.

மாடிவீடு:
மன்கட் பற்றி யாரும் சொல்லவில்லையே? பவுலர் பந்தைப் போடும் முன்பே எதிர்முனை பேட்ஸ்மேன் கோட்டைத் தாண்டினால், ஸ்டம்பைத் தட்டி அவுட்டாக்குவது. 1947இல் சிட்னியில் இந்தியாவின் வினூ மன்கட், ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை அப்படி அவுட்டாக்கினார். முந்தைய ஆட்டம் ஒன்றில் எச்சரித்தும் ஆள் திருந்தவில்லை. 2019இல் ஜெய்ப்பூர் ஐபிஎல் ஆட்டத்தில் பட்லரை அஸ்வின் இப்படி எடுத்தபோது எங்கள் வீட்டில் இரண்டு நாள் சண்டை. நான் அஸ்வின் கட்சி. இப்போது விதியிலேயே அது சாதாரண ரன் அவுட்.

எங்கள் தெருவில் இதெல்லாம் இல்லை. ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட், அதாவது ஒருமுறை தரையில் பட்ட பந்தை ஒரே கையால் பிடித்தால் அவுட். எதிர்வீட்டு மாடியில் விழுந்தாலும் அவுட், அங்கே போய்ப் பந்து கேட்க வேண்டியதும் அடித்தவன்தான்.