உள் தெருவுல ஸ்பீடு லிமிட்டை யார் முடிவு பண்றாங்க? குறைக்கணும்னா எப்படி?

சன்னலோரம்:
எங்க வீடு இருக்கிறது ஒரு உள் தெரு, ரெண்டு பக்கமும் வீடுங்க, நடுவுல ஒரு ஸ்கூல், லிமிட் 50. ஸ்கூல் விடுற நேரத்துல ஒரு பையன் நிறுத்தி வெச்ச ரெண்டு வண்டிக்கு நடுவுலேர்ந்து ரோட்டுல இறங்கிட்டான், வந்த கார் அவனைத் தொடுற தூரத்துல வந்து நின்னுச்சு. அந்த பிரேக் சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. தெருக்காரங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு 30 ஆக்குங்கன்னு மனு கொடுத்தோம். கொஞ்ச நாள் கழிச்சு வந்து ரோட்டுக்குக் குறுக்கே ரப்பர் டியூப் போட்டு ஒரு வாரம் வண்டிங்க வேகத்தை அளந்தாங்க. இப்போ பதில் வந்திருக்கு, "85வது சதமான வேகம் 52, எனவே 50 பொருத்தமானதே"ன்னு. எல்லாரும் 50ல போறாங்க அதனால 50 சரி, இது தானே அர்த்தம்? ஓட்டுறவங்க வேகம் மட்டும் கணக்கு, நடக்குறவங்க எங்கயுமே கணக்குல இல்லையா? எல்லா இடத்துலயும் இப்படித் தானா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

டியூப்காரன்:
டிராஃபிக் சர்வே தான் என் வேலை, இந்த டியூப்பை நிறைய தெருவுல நானே போட்டிருக்கேன். 85ங்கிறது என்னன்னா, நூறு வண்டியோட வேகத்தைக் குறைஞ்சதுலேர்ந்து கூடினது வரைக்கும் வரிசையா அடுக்கினா 85வதா நிக்கிற வண்டியோட வேகம். முன்னாடி எதுவும் மறிக்காம தன் போக்குல போற வண்டியை மட்டும் தான் எடுக்கணும். பெரும்பாலானவங்க நிதானமா தான் ஓட்டுவாங்க, ரோட்டைப் பாத்து அவங்களே சரியான வேகத்துக்கு வந்துடுவாங்கன்னு ஒரு நம்பிக்கை, அது மேல தான் இந்த முறையே நிக்குது. 1964ல அமெரிக்காவுல டேவிட் சாலமன் பண்ணின ஒரு ஆய்வு இதுக்குப் பெரிய பலமா இருந்துச்சு, ஆனா அது ஊருக்கு வெளிய இருக்கிற ஹைவேல பண்ணினது. அங்க ஸ்கூல் பையன் ரோட்டைக் கடக்க மாட்டான். 2017ல அமெரிக்காவோட தேசிய போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமே இந்த நம்பருக்கு இவ்வளவு எடை கொடுக்காதீங்கன்னு சொல்லிடுச்சு.

இன்னொரு சிக்கல், இது தன்னைத் தானே ஏத்திக்கிட்டே போகும். லிமிட்டை ஏத்தினா வண்டி இன்னும் வேகமா போகும், அடுத்த சர்வேல நம்பர் கூடும், திரும்ப ஏத்தணும். கலிபோர்னியாவுல இது நிஜமாவே நடந்தது. அங்க சர்வே பழசாயிட்டா போலீஸ் ரேடார் வெச்சு பிடிக்க முடியாது, புது சர்வே எடுத்தா லிமிட்டை அந்த 85வது வண்டியோட வேகத்துக்குப் பக்கத்துல வெச்சாகணும். அதனால வேகத்தைத் தடுக்குறதுக்காகவே சில தெருவுல லிமிட்டை ஏத்த வேண்டி வந்தது. 2021ல தான் சட்டத்தை மாத்தி நகரங்களுக்குக் கொஞ்சம் கை அவிழ்த்து விட்டாங்க.

பிசிக்ஸ்_டீச்சர்:
நான் கிளாஸ்ல போடுற கணக்கு ஒண்ணு சொல்றேன், மனுவோட சேருங்க. ஓட்டுறவர் பாத்து பிரேக்ல கால் வைக்க 1 செகண்ட்னு வெச்சுக்கோங்க. 30ல வர்ற கார் அந்த ஒரு செகண்ட்ல 8 மீட்டர் சொச்சம் ஓடும், காஞ்ச ரோட்டுல நல்ல பிரேக்னா இன்னும் 5 மீட்டர், ஆக 13 மீட்டர் சொச்சத்துல நின்னுடும். 50ல வர்ற கார் அந்த ஒரு செகண்ட்லயே கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிடும். அதாவது முதல் கார் முழுசா நின்ன இடத்துல ரெண்டாவது கார் இன்னும் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கல, முழு 50லயே வந்து மோதும்!! உங்க தெருப் பையனுக்கும் அந்த காருக்கும் நடுவுல இருந்தது இது தான்.

நைட்_டிரிப்:
நான் டிரைவர் தொழில், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. அகலமா நேரா கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் காலியா கிடக்கிற ரோட்டுல 30ன்னு போர்டு மட்டும் வெச்சா கால் கேக்காது. போர்டைப் பாத்து ஓட்டுறவங்க கம்மி, ரோட்டைப் பாத்து தான் ஓட்டுறோம். ஆள் கடக்குற இடத்துல ரோட்டைக் குறுக்கணும், கிராஸிங்கை மேடாக்கணும், முனையில பிளாட்பாரத்தை வெளிய இழுக்கணும்.

டியூப்காரன்:
அண்ணே சொல்றது சரி, ஆனா பாதி தான். போர்டு மட்டும் மாத்தினா சராசரி கொஞ்சம் தான் இறங்கும், நானே அளந்திருக்கேன். ஆனா அதைச் சின்னதா நினைக்காதீங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குல சராசரி வேகம் 1 சதவீதம் கூடினாலே உயிர்ப்பலி ஆகுற விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும். அப்போ கொஞ்சம் இறங்கினாலும் அது கொஞ்சம் இல்ல. முதல்ல போர்டு வரட்டும், லிமிட் 50ன்னு இருக்கிற வரைக்கும் மேடு கட்டித் தாங்கன்னு கேட்டா "50க்கு ஏத்த டிசைன்"னு தான் போடுவாங்க.

ஓய்வு_எழுத்தர்:
ஆபீஸ் பக்கம் வேலை பாத்தவங்கற முறையில சொல்றேன். லிமிட் ரெண்டு விதமா வரும். ஒண்ணு சட்டத்துலயே இருக்கிற பொது லிமிட், போர்டு இல்லாத தெருவுக்கெல்லாம் அது தான். இன்னொண்ணு ஒரு தெருவுக்குன்னு தனியா போடுற ஆணை. தெருத் தெருவா ஆணை போட்டு மாத்துறது மெதுவா தான் நடக்கும், ஒவ்வொண்ணுக்கும் சர்வே, அறிவிப்பு, ஆட்சேபணை, போர்டு. அதனால தான் நிறைய இடத்துல பொது லிமிட்டையே மாத்திட்டாங்க. ஆஸ்திரியாவுல கிராட்ஸ் நகரம் 1992லயே முக்கிய ரோடு தவிர எல்லாம் 30னு வெச்சிடுச்சு. ஸ்பெயின்ல 2021 மே மாசத்துலேர்ந்து பக்கத்துக்கு ஒரே லேன் இருந்தா 30, அளக்கவே வேண்டாம், லேனை எண்ணினா போதும். பிரிட்டன்ல இருக்கிற வேல்ஸ்ல 2023 செப்டம்பர்ல தெருவிளக்கு நெருக்கமா இருக்கிற தெருவுக்கெல்லாம் மணிக்கு 30 மைல்லேர்ந்து 20 மைல் ஆக்கினாங்க. அதுக்கு எதிரா 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல கையெழுத்து வந்துச்சு, அப்புறம் எந்த ரோட்டுக்கு விலக்கு கொடுக்கலாம்னு வழிகாட்டுதலைத் திருத்தினாங்க. எதிர்ப்பு வரத்தான் செய்யும். பின்லாந்து தலைநகர் ஹெல்சின்கியில பாதிக்கு மேல தெரு 30, அங்க 2025 ஜூலையோட முடிஞ்ச ஒரு வருஷத்துல ரோட்டுல ஒரு உயிர் கூட போகல.

அதிகாரம் யார் கையில இருக்குன்னு முதல்ல கேளுங்க. நியூயார்க் மாதிரி ஊரே 2014ல 30 மைல்லேர்ந்து 25க்கு இறங்க மாநில சட்டசபை சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. தப்பான மேஜையில மனு கிடந்தா வருஷக் கணக்குல கிடக்கும்.

சன்னலோரம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இதைப் படிச்சிட்டு அவங்க அனுப்பின தாளைத் திரும்ப எடுத்துப் பாத்தேன். டியூப் போட்ட தேதி இருக்கு. அந்த ஒரு வாரம் முழுக்க ஸ்கூல் லீவு.

டியூப்காரன்:
அப்போ முதல்ல அதையே எழுதுங்க. லீவு வாரத்துல எடுத்த அளவை வெச்சு ஸ்கூல் தெருவுக்கு முடிவு பண்ணக் கூடாது, ஸ்கூல் நடக்குற நாள்ல மறுபடி அளங்கன்னு கேளுங்க. மொத்தமா ஒரு நம்பர் தந்தா வாங்கிக்காதீங்க, மணி வாரியா பிரிச்சுக் கேளுங்க, கூடவே ஸ்கூல் விடுற நேரத்துல எத்தனை பேர் நடந்து கடக்குறாங்கன்னும் எண்ணச் சொல்லுங்க. அந்த டியூப் மேல ஆள் நடந்தா அது எண்ணாது.