கணையத்துல கேன்சர், யாருக்காச்சும் சீக்கிரமே தெரிஞ்சுதா?

கோவைக்காரன்:
எங்க பெரியப்பாவுக்கு அறுபது நெருங்கும்போது திடீர்னு சுகர், ஆளு ஒல்லி, குடும்பத்துல யாருக்கும் சுகர் கிடையாது, மாத்திரைக்கும் கட்டுப்படல. எடை மளமளன்னு இறங்குது, சுகர் வந்தா இளைக்கத்தானே செய்யும்னு எல்லாரும் சொல்ல, அவரும் பெல்ட்ல ஆணியால புது ஓட்டை போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டு இருந்தார். முதுகு வலிக்கு எலும்பு டாக்டர், சுகருக்கு சுகர் டாக்டர், பசியில்லன்னு தெருமுனை டாக்டர். மூணையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்ல. சிடி ஸ்கேன் எடுக்கும்போது கணையத்துக் கேன்சர் லிவருக்குப் பரவியிருந்துச்சு.

மதுரை மருமகள்:
எங்க மாமியாருக்கு மேல்வயித்து வலி, கேஸ் மாத்திரையிலயே பல மாசம் ஓடிப்போச்சு. குனிஞ்சு உக்காந்தா கொஞ்சம் விடும்பாங்க, மல்லாக்க படுத்தா தாங்காது. அல்ட்ராசவுண்ட் நார்மல்னு சொல்லி ரிப்போர்ட்டைக் கையில கொடுத்துட்டாங்க, ஆனா உள்ள ஒரு வரி: கணையத்தோட வால் பகுதி குடல் கேஸ் மறைச்சதால தெரியலன்னு. தெரியலங்கறது நார்மல் இல்லீங்களே! இரைப்பைக்குப் பின்னாடி முதுகெலும்பை ஒட்டிக் கிடக்குற உறுப்பு அது. அந்த வரியைப் பார்த்தா சிடி வேணுமான்னு வாய்விட்டுக் கேட்டுருங்க.

சேலம் சித்தப்பா:
எங்கண்ணனுக்கு வேற மாதிரி. கண்ணு மஞ்சளாச்சு, வலியே இல்ல, உடம்பெல்லாம் அரிப்பு, மலம் சுண்ணாம்புக் கலர்ல போச்சு. கீழாநெல்லி அரைச்சுக் குடு, உப்பில்லாம பத்தியம் இருன்னு ஊரே சொல்லுச்சு, அண்ணி காதுலயே வாங்கல, நேரா குடல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டாங்க. கணையத்தோட தலைப் பக்கம் சின்னக் கட்டி, பித்தக்குழாயை அமுக்கியிருக்கு, அதான் காமாலை. கணையத்தோட தலைப் பகுதியை வெட்டி எடுக்குற விப்பிள் ஆபரேஷன் முடிஞ்சு, இப்ப சாப்பாட்டோட செரிமானத்துக்கு என்சைம் மாத்திரை போட்டுக்கிட்டு நடமாடுறார். வால் பக்கம் வந்திருந்தா மஞ்சளும் காட்டியிருக்காது.

லேப்காரன்:
சிஏ 19-9 ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடுமேன்னு கேக்குறவங்களுக்கு: சிஏ 19-9ங்கறது கணையக் கேன்சர் வந்தா ரத்தத்துல ஏறக்கூடிய ஒரு பொருள், ஆனா கேன்சரே இல்லாம பித்தக்குழாய் அடைச்சாலும் அது ஏறும். சிலர் உடம்புல பிறவியிலேயே அது சுரக்காது, கேன்சர் இருந்தும் நார்மல் காட்டும். அறிகுறி இல்லாதவங்களுக்கு ஸ்கிரீனிங், அதாவது முன்கூட்டியே தேடிப் பார்க்குற டெஸ்ட், வேண்டாம்னு அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2019ல மறுபடியும் சொல்லிருச்சு. ரத்த சொந்தத்துல ரெண்டு மூணு பேருக்கு வந்த குடும்பம்னா கதை வேற, அவங்களுக்கு எம்ஆர்ஐ, எண்டோஸ்கோப்பிக் குழாய் வழியா அல்ட்ராசவுண்ட்னு வருஷா வருஷம் பார்ப்பாங்க.

கோவைக்காரன்:
அப்ப அம்பது வயசுக்கு மேல புதுசா சுகர் வந்தா எல்லாரும் பயப்படணுமா?

லேப்காரன்:
வேண்டாங்க, அதுல நூத்துக்கு ஒருத்தருக்குத்தான் இது. புதுசா சுகர் வந்து, கூடவே எடையும் காரணமில்லாம குறைஞ்சா மட்டும், எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைல்ல போட்டு குடல் டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டிருங்க.