நெட்வொர்க் லோட் பேலன்சர்: புது சர்வருக்கு டிராஃபிக் போகவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கிளவுடில் 3 சர்வர்களுக்கு முன்னால் லேயர் 4 லோட் பேலன்சர் (இணைப்பு அளவில் மட்டும் டிராஃபிக்கைப் பங்கிடுவது) வைத்திருக்கிறோம். லோடு ஏறியதும் ஆட்டோ ஸ்கேலிங் நான்காவது சர்வரைக் கொண்டுவருகிறது. ஹெல்த் செக்கும் பாஸ் ஆகிறது. ஆனால் பழைய மூன்றும் திணற, புதியது சும்மா நிற்கிறது!

எனக்குப் புரிந்தவரை, இந்த லோட் பேலன்சர் ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இரு பக்க ஐபி, இரு பக்க போர்ட், புரோட்டோகால் ஆகிய ஐந்தையும் ஹாஷ் செய்து (ஒரே எண்ணாக மாற்றி) ஒரு சர்வரைத் தேர்ந்தெடுக்கும். அந்த டிசிபி இணைப்பு முடியும்வரை அங்கேயே அனுப்பும். எங்கள் ஜிஆர்பிசி (புரோகிராம்கள் நெட்வொர்க் வழியாக ஒன்றையொன்று அழைக்கும் முறை) கிளையன்ட்கள் ஒரே இணைப்பை மணிக்கணக்கில் பிடித்து வைத்திருக்கின்றன. அப்புறம் புதுசுக்கு எப்படிப் பங்கு போகும்?

சர்வர் பக்கம் இணைப்புக்கு அதிகபட்ச ஆயுள் வைப்பதா, ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் பார்த்துப் பங்கிடும் லேயர் 7 லோட் பேலன்சருக்கு மாறுவதா? ஆயுள் வைத்தவர்கள் எத்தனை நிமிடம் வைத்தீர்கள்? எல்லா கிளையன்ட்களும் ஒரே நேரத்தில் மறுபடி இணைய வந்து மோதாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்?