‘பெரிய வீடு’ குழு: சனிக்கிழமை எங்கே?

கார்த்தி: சீனா டூர்ல, சியான் ஊர்ல இருக்கும்போது சனிக்கிழமை என்ன முடிவு? ச்சியென்லிங் ராஜா ராணி சமாதிதானே? ரயில் டிக்கெட் இன்னைக்கு நைட்டே போடணும்

மாலதி அத்தை: மண் பொம்மைப் படை, அந்த களிமண் சிப்பாய் சிலைங்க

கார்த்தி: அது வெள்ளிக்கிழமை அத்தை

மணி மாமா: ரெண்டையும் ஒரே நாள்ல முடிக்கலாமே

ரவி சித்தப்பா: முடியாது அத்தான். பொம்மைப் படை சியானுக்குக் கிழக்கே. ச்சியென்லிங் வடமேற்கே 80 கிலோமீட்டர். நடுவுல ஊர் டிராபிக்

திவ்யா: வெள்ளிக்கிழமை லீவுன்னு தெரியாம அன்னைக்கே தாஜ்மகாலுக்குக் கூட்டிட்டுப் போன ஆள் பிளான் போடுறார் 😂

மணி மாமா: அதை எத்தனை வருசம் சொல்லுவீங்க

ரவி சித்தப்பா: கார்த்தி கவனி. சியான் வடக்கு ஸ்டேஷன்ல புல்லட் ரயில். இறங்குறது ச்சியென் கவுண்டி ஸ்டேஷன். டிக்கெட் பாஸ்போர்ட் நம்பர்ல ஏறும், அதனால ஒரிஜினல் பாஸ்போர்ட் கையில இருக்கணும், ஜெராக்ஸ் எடுபடாது. அங்கிருந்து டாக்சி. இடத்தோட பேரை சீன எழுத்துல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்க. கூகுள் மேப்பை நம்பாதே, சீனாவோட வரைபடக் கணக்கு வேற, புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும். திரும்புறதுக்கும் அதே டாக்சியைப் பேசிடு

மாலதி அத்தை: படி எத்தனை

ரவி சித்தப்பா: ஐநூறுக்கு மேல

மாலதி அத்தை: 🙏 என்னை விட்டுருங்க

ரவி சித்தப்பா: அக்கா, நடுவுல 18 சமதளம் இருக்கு, நின்னு நின்னு ஏறலாம். மேல் பார்க்கிங் வரை விடுவாரான்னு டாக்சியில ஏறும்போதே கேளுங்க

மாலதி அத்தை: ஏறினா ராணி சமாதி உள்ளே போலாமா

ரவி சித்தப்பா: முடியாது. லியாங்ஷான் மலையே சமாதி. ராஜா காவோசோங்கை 684லயும், ராணி வூ ட்செதியனை 706லயும் உள்ளே வச்சாங்க. 1960ல உள்ளே போற வழியைத் தோண்டிப் பார்த்தாங்க. 39 அடுக்கு கல் பலகை, ஒண்ணோட ஒண்ணை இரும்புப் பட்டையால கோத்து, இடுக்குல இரும்பை உருக்கி ஊத்தியிருக்கு. இன்னும் திறக்கலை. மிங் வம்ச ராஜா வான்லி சமாதியை 1956ல தோண்ட ஆரம்பிச்சாங்க, எடுத்த பட்டெல்லாம் வெளிக்காத்து பட்டு வீணாப்போச்சு. அந்த பயம்

கார்த்தி: அப்போ பார்க்க என்ன இருக்கு

ரவி சித்தப்பா: பாதையோட ரெண்டு பக்கமும் சிலை. ரெக்கை வச்ச குதிரை, தீக்கோழி, வாள் ஊன்றின காவலர். வடக்கே போனா 61 வெளிநாட்டுத் தூதர்கள், தலையே இல்ல. முதுகுப் பக்கம் போய்ப் பாரு, சிலருக்கு ஊர், பேர் செதுக்கியிருக்கும். எல்லாரும் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு ஓடிடுவாங்க

திவ்யா: எழுத்தே இல்லாத கல்லும் அங்கதானே

ரவி சித்தப்பா: ஆமா, கிழக்குப் பக்கம், ஏழரை மீட்டர். மேற்கே புருசனைப் புகழ்ந்து ராணி வச்ச கல்வெட்டு. ராணியோட கல் மட்டும் வெறுமையா நின்னுச்சு

மணி மாமா: எழுத ஒண்ணுமில்ல போல 😄

மாலதி அத்தை: இருக்கும். எழுதினா மட்டும் படிக்கவா போறீங்க

திவ்யா: 🔥🔥

ரவி சித்தப்பா: இப்போ முழுக்க வெறுமையும் இல்ல. பின்னாடி வந்தவங்க செதுக்கிட்டாங்க. 1134ல வெட்டின கித்தான் எழுத்து, அதாவது கித்தான்ங்கிற வடக்கத்தி இனத்தோட எழுத்து கூட இருக்கு, பக்கத்துலயே சீன மொழிபெயர்ப்பு. உள்ளே இறங்கியே ஆகணும்னா கீழே இளவரசி யோங்டாய் சமாதி. சரிவுப் பாதை, இறங்குறது சுலபம், ஏறும்போதுதான் மூட்டு பேசும். திருடன் போட்ட துளையும் தெரியும். சுவர் ஓவியம் நகல், அசல் சியான் மியூசியத்துல

மாலதி அத்தை: புரட்டாசி சனி. சாப்பாடு?

ரவி சித்தப்பா: அந்த ஊர் குவோகுய் ரொட்டி. தடியா, வறண்டு இருக்கும், வெறும் கோதுமை. நாலு நாள் கெடாது

திவ்யா: இட்லிப் பொடி எடுத்துக்கோங்க

மாலதி அத்தை: பொடி என்கிட்ட இருக்கு. நல்லெண்ணெய் யார் எடுத்துட்டு வர்றா? போன தடவையும் நான்தான்

ரவி சித்தப்பா: அக்டோபர் 1ல இருந்து அங்க தேசிய விடுமுறை, கூட்டம் நெரியும். முதல் வாரத்துக்குத் தள்ளிடாதீங்க. அப்புறம் ஹோட்டல் வைஃபையில வாட்ஸ்அப் ஓடாது, நம்ம ஊர் சிம் ரோமிங்ல ஓடும்

மணி மாமா: அப்போ குழுல குட்மார்னிங்?

திவ்யா: ஒரு வாரம் நிம்மதி

கார்த்தி: டிக்கெட் மூணா, நாலா??

மாலதி அத்தை: எண்ணெயை முடிவு பண்ணுங்க முதல்ல