தாத்தாவின் ரேடியோவில் இரைச்சல் மட்டும்

கேள்வி (திருமங்கலம்): தாத்தாவின் பழைய ரேடியோவில் சிற்றலை (ஷார்ட்வேவ்) பக்கம் முள்ளை நகர்த்தினால் ஒரே இரைச்சல். வெளிநாட்டு நிலையம் கேட்க என்ன செய்ய வேண்டும் அண்ணே?

மேலூர்க்காரன்: முதலில் எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள் தம்பி. பாதி இரைச்சல் அதுதான். இது தெரியாமல் நான் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்தேன்! அப்புறம், மாடியிலிருந்து வேப்பமரத்துக்குப் பத்து மீட்டர் செம்புக் கம்பி கட்டி, ஏரியலோடு இணையுங்கள். மின்கம்பி பக்கம் போகவே கூடாது. இருட்டியதும் 31 மீட்டர் அலைவரிசைப் பட்டையில், அதாவது 9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் திருகுங்கள். பகலில் 19 மீட்டர் பட்டை.

திருமங்கலம்: நேற்று கரண்ட் போனபோது ஏதோ சீன மொழி தெளிவாகக் கேட்டது!

சோழவந்தான் வாசகர்: கரண்ட் போனால் நமக்குத் திருவிழாதான். நேரம், அலைவரிசை, கேட்ட தரம் எல்லாம் குறித்து நிலையத்துக்கு எழுதுங்கள். சில நிலையங்கள் கியூஎஸ்எல் அட்டை, அதாவது நீங்கள் கேட்டதை உறுதி செய்யும் அட்டை அனுப்பும்.