எழுதாத தேர்விலிருந்து தொடங்கு

குடும்பக் குழு, தேவிபட்டினம்
ஆகஸ்ட் 12

நான், மாலை 6:10
அனைவருக்கும் வணக்கம். சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்கு, விடுதலைப் போராட்ட வீரரும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவருமான என். சங்கரய்யா அவர்களைப் பற்றிப் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். நான்கு பக்கம் எழுதிவிட்டேன். கிடைக்கும் நேரமோ ஐந்து நிமிடம்தான். "மூன்று முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர்" என்று தொடங்கியிருக்கிறேன். சரியாக இருக்கிறதா, பெரியப்பா?

பெரியப்பா, 6:24
தொடக்கத்தை மாற்று, தாயி. சட்டமன்ற உறுப்பினர் தொகுதிக்கு ஒருவர் இருக்கிறார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீதான அடக்குமுறையைக் கண்டித்துக் குரல் கொடுத்ததற்காக, இறுதித் தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கையில் 1941 பிப்ரவரி 28 அன்று கைதானார். அந்தத் தேர்வை அவர் பிறகு எழுதவே இல்லை. எழுதாத அந்தத் தேர்விலிருந்து தொடங்கு.

அத்தை (மண்டபம்), 6:31
பதினைந்து நாள் என்றால் ஹால் டிக்கெட் கைக்கு வந்திருக்கும் நேரம். இவள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியபோது தெருவில் ஐஸ் வண்டிக்காரர் மணி அடித்ததற்கே அண்ணன் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். அந்த வீட்டில் பெற்றவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்.

சித்தப்பா (பாம்பன்), 6:40
எனக்கு இரண்டு சந்தேகங்கள். சிறையில் இருந்தபடியே தேர்தலில் வென்றவர் இவர்தானே? அடுத்தது கொஞ்சம் சங்கடமான கேள்வி. 1942 ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது, திருவாடானைச் சிறையை மக்களே உடைத்துக் காங்கிரஸ்காரரான சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்த மாவட்டம் இது. அந்தப் போராட்டத்தில் கம்யூனிஸ்ட் கட்சி சேரவில்லையே என்று நடுவர் கேட்டால், பிள்ளை என்ன பதில் சொல்லும்?

பெரியப்பா, 6:58
சிறையிலிருந்து வென்றவர் இன்னொரு கம்யூனிஸ்ட் தலைவரான பி. ராமமூர்த்தி, 1952-இல், மதுரை வடக்குத் தொகுதியில். இருவரும் மதுரைக் களத்தில் நின்றவர்கள் என்பதால் பலரும் மாற்றிச் சொல்வது உண்டு.

இரண்டாவது கேள்விக்கு மழுப்பக் கூடாது. 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் நாட்டின் மீது பாய்ந்த பிறகு, போரை மக்கள் யுத்தம் என்று வரையறுத்த கட்சி, ஆகஸ்ட் போராட்டத்தில் சேரவில்லை. அதற்காக இன்றுவரை ஏச்சு வாங்குகிறது, அதில் நியாயமும் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் இவர் அதற்கு முன்பே சிறைக்குள் போனவர். அந்த முதல் சிறைவாசமே பதினெட்டு மாதம். பிறகு 1946 இறுதியில் மதுரைச் சதி வழக்கு என்று ராமமூர்த்தியோடு சேர்த்துப் பிடித்துப் போட்டார்கள். வழக்கு தள்ளுபடியாகி மதுரைச் சிறையிலிருந்து அவர்கள் வெளியே வந்த நாள் 1947 ஆகஸ்ட் 14. நாட்டின் விடுதலைக்குச் சில மணி நேரமே மீதி இருந்தது. மறு ஆண்டே கட்சி தடை செய்யப்பட, தலைமறைவும் சிறையும் சுதந்திர இந்தியாவிலும் தொடர்ந்தன. மொத்தச் சிறைவாசம் எட்டு ஆண்டு.

நான், 7:05
1964-இல் கட்சி பிளந்தபோது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறிய 32 பேரில் ஒருவர் என்பதற்கு முக்கால் பக்கம் எழுதியிருக்கிறேன். 1967-இல் மதுரை மேற்கிலும், 1977, 1980 தேர்தல்களில் மதுரை கிழக்கிலும் வென்றதற்கு அரைப் பக்கம்.

பெரியப்பா, 7:09
இரண்டும் இரண்டு வரி போதும். அந்த 32 பேரில் கடைசியாக எஞ்சியிருந்த கேரள முன்னாள் முதல்வர் அச்சுதானந்தனும் 2025 ஜூலையில் மறைந்துவிட்டார் என்பதை வேண்டுமானால் சொல்.

சித்தப்பா, 7:15
2021-இல் தமிழக அரசின் தகைசால் தமிழர் விருதோடு வந்த பத்து லட்சம் ரூபாயை அப்படியே கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டாரே, அதை விட்டுவிடாதே. இங்கே ஏலத்தில் ஒரு கூடை நண்டுக்கு விலை குறைந்தால் நாள் முழுக்கப் புலம்புகிறவன் நான்.

அத்தை, 7:21
மதுரை காமராசர் பல்கலைக்கழக விஷயத்தையும் சொல்லப் போகிறாளா? பள்ளி மேடையில் அரசியல் வேண்டாம் என்பார்கள்.

பெரியப்பா, 7:34
நடந்ததைத் தேதியோடு சொன்னால் போதும். கௌரவ டாக்டர் பட்டம் வழங்கப் பல்கலைக்கழகம் தீர்மானித்தது. வேந்தரான ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. 2023 நவம்பர் 2 அன்று பட்டமளிப்பு விழா அந்தப் பட்டம் இல்லாமலே நடந்தது. உயர்கல்வி அமைச்சர் விழாவைப் புறக்கணித்தார். நவம்பர் 15 அன்று சங்கரய்யா தம் 101-ஆம் வயதில் சென்னையில் காலமானார். அடைமொழி எதையும் சேர்க்காதே. முதல் நிமிடத்தில் தேர்வைக் கேட்டவர்கள் இதைத் தாமாகவே அதோடு முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள்.

நான், 8:20
மாற்றி எழுதிய தொடக்கம் இது: "1941 பிப்ரவரி 28. மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவர் சங்கரய்யா கைதானார். தேர்வுக்குப் பதினைந்து நாட்களே இருந்தன."

பெரியப்பா, 8:26
"மாணவன் கைதானான்" என்று சொல். அன்றைக்கு அவருக்குப் பதினெட்டு வயது. உன்னைவிட ஒரு வயதுதான் கூடுதல்.

அத்தை, 8:28
நூறு வயது கடந்து வாழ்ந்த தியாகியை மேடையில் "ஆன்" விகுதி போட்டுப் பேசுவதா, அண்ணன்? கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

நான், 8:41
வீட்டில் இருவிதமாகவும் பேசிப் பார்த்தேன், அத்தை. "ஆன்" என்று தொடங்கி, 1947-இல் சிறைக் கதவைத் தாண்டி வெளியே வரும் இடத்தில் "ஆர்" என்று மாற்றிவிடுகிறேன்.