பெற்றோரின் மெடிகேர் திட்டத்தை மாற்றும் முன்

அமெரிக்காவுக்கு அண்மையில் குடியேறி, வயதான பெற்றோரையும் அழைத்துக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன்.

மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மெடிகேர் திட்டத்தை மாற்றலாம். மாற்றம் ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும். ஆனால் இது ஏற்கெனவே மெடிகேரில் இருப்பவர்களுக்கான காலம். இங்கே வேலை செய்திராத பெற்றோர், 65 வயதைக் கடந்திருந்தாலும், கிரீன் கார்டுடன் தொடர்ந்து 5 ஆண்டுகள் வசித்த பிறகே பிரீமியம் கட்டிச் சேர முடியும். பிள்ளைகள் எத்தனை ஆண்டு வரி கட்டியிருந்தாலும் அது பெற்றோர் கணக்கில் சேராது. அதுவரை மார்க்கெட்பிளேஸ் எனும் அரசு இணையச் சந்தையில் கிடைக்கும் தனியார் காப்பீட்டைப் பாருங்கள்.

மெடிகேரில் சேர்ந்து, நேரடி மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனம் நடத்தும் அட்வான்டேஜ் திட்டமோ தனி மருந்துத் திட்டமோ வைத்திருப்பவர்களுக்குச் செப்டம்பர் முடிவதற்குள், அடுத்த ஆண்டு என்னென்ன மாறுகிறது என்று காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வரும். விளம்பரக் கட்டோடு அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு சனிக்கிழமை அம்மாவின் மாத்திரைப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். மெடிகேர் இணையதளத்தில் ஒவ்வொரு மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், மாதத்துக்கு எத்தனை மாத்திரை, எந்த மருந்துக்கடை என்று பதிவு செய்தால், ஒவ்வொரு திட்டத்திலும் ஆண்டு முழுவதும் எவ்வளவு செலவாகும் என்று காட்டும். பிரீமியமே இல்லாத திட்டம் மருந்துச் செலவில் கையைக் கடிப்பது அப்போதுதான் தெரியும். மருத்துவமனைக்கும் போன் செய்து, திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே நிறுவனத்துக்குப் பல திட்டங்கள் உண்டு. ஒன்றை ஏற்கும் டாக்டர் இன்னொன்றை ஏற்காமல் போகலாம்.

இனி, நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. அரசின் நேரடி மெடிகேருடன் மெடிகேப் எனும் துணைக் காப்பீடும் வைத்திருப்பவர்கள், பல், கண்ணாடி, உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் இலவசம் என்ற பேச்சைக் கேட்டு அட்வான்டேஜ் திட்டத்துக்குத் தாவ வேண்டாம். 65 வயதுக்குமேல் பார்ட் பி (டாக்டர் செலவுகளுக்கான மெடிகேர் பகுதி) தொடங்கியதிலிருந்து 6 மாதம் வரைதான் எந்த நோய் இருந்தாலும் நிறுவனங்கள் மெடிகேப் கொடுத்தாக வேண்டும். அதன் பிறகு பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்கலாம். முதல் முறை அட்வான்டேஜுக்கு மாறியவர்கள் ஓராண்டுக்குள் திரும்ப வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டிவிட்டால், சர்க்கரையும் இதய நோயும் உள்ளவர் திரும்பி வருவது மிகக் கடினம்.

குளிர்காலத்தை ஊரில் கழிக்கும் பெற்றோர் இதையும் கவனிக்க வேண்டும். நேரடி மெடிகேர் இந்தியாவில் ஆகும் சிகிச்சைக்குப் பணம் தராது. மெடிகேப் ஜி போன்ற சிலவற்றில் மட்டும், பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் நேரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் கழித்து 80 சதவீதம் கிடைக்கும். வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். அட்வான்டேஜில் இருப்பவர் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் திட்டத்தின் பகுதியை விட்டு வெளியே இருந்தால், பெரும்பாலும் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள். டிக்கெட் போடும் முன் நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

மாற்றுவது என்று முடிவு செய்தால் பழைய அட்வான்டேஜ் அல்லது மருந்துத் திட்டத்தை முதலில் ரத்து செய்யாதீர்கள். அதே வகைப் புதிய திட்டத்தில் சேர்ந்தாலே பழையது தானாக நீங்கிவிடும். மெடிகேப் மட்டும் நாமே சொல்லி நிறுத்த வேண்டியது. அட்வான்டேஜில் இருப்பவர்களுக்கு ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை இன்னொரு முறை மாற்ற வாய்ப்பு உண்டு.

நாம் கேட்காமலேயே போனில் அழைத்து மெடிகேர் அட்டை எண்ணைக் கேட்பவர்களிடம் அப்பா எதையும் சொல்ல வேண்டாம். அப்படி அழைத்து விற்க நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை. சந்தேகம் இருந்தால் 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனைச் சேவையும் இருக்கிறது. எதையும் விற்காதவர்கள் என்பதால், ஏஜென்ட்டிடம் போகும் முன் அவர்களிடம் போவதே நல்லது. நவம்பர் கடைசியில் கூட்டம் அதிகமாக இருக்கும். அக்டோபரிலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.